அணுவுக்குள் போனதும் எலக்ட்ரானின் காந்தம் ஏன் குறைகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு மாலைகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி நோட்டில் இரண்டு எண்களை எழுதிக்கொண்டு வந்தாள். எலக்ட்ரானின் காந்தம் எவ்வளவு என்பதைக் குறிக்கும் எண்கள். மேலே 2.00232, கீழே 2.00104.

"சார், ரெண்டையுமே எலக்ட்ரானோட ஜி-எண்ணுன்னு போட்டிருக்காங்க. இதுல எது சார் தப்பு?"

"ரெண்டும் சரிதாம்மா. மேல இருக்கறது தனியா இருக்கற எலக்ட்ரானுக்கு. கீழ இருக்கறது கார்பன் அணுக்கருகிட்ட மாட்டிக்கிட்ட எலக்ட்ரானுக்கு."

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க இருந்தாலும் எலக்ட்ரான் எலக்ட்ரான்தானே சார்? நிறை மாறாது, மின்னூட்டம் மாறாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. காந்தம் மட்டும் எப்படி மாறும்?"

நல்ல கேள்வி. எலக்ட்ரானின் காந்தம் என்பது ஒரே ஒரு எண், புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் இருக்கும், தேர்வுக்கு மனப்பாடம் செய்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாடம் நடத்துகிறவர்களில் சிலருக்கும் அந்த எண்ணம் உண்டு. அன்று மாடியில் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

## திருப்புத்திறன்: பெயரிலேயே விளக்கம் இருக்கிறது

தேவனாம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போகும் படகுகளில் இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. அதற்கு முன்பு காம்பஸ்தான். காம்பஸ் முள்ளை விரலால் தள்ளிவிட்டால் அது திரும்பவும் வடக்கே வந்து நிற்கும். பூமியின் காந்தப்புலம் அதைப் பிடித்துத் திருப்புகிறது. ஒரே அளவுள்ள இரண்டு முட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நன்றாகக் காந்தமேற்றியது, மற்றது ஏனோதானோவென்று ஏற்றியது. முதலாவது சட்டென்று திரும்பும், இரண்டாவது மெதுவாக அசையும்.

ஒரு பொருளைக் காந்தப்புலம் எவ்வளவு வலுவாகத் திருப்ப முடியும் என்பதைச் சொல்லும் அளவுதான் காந்தத் திருப்புத்திறன். அறிவியல் தமிழில் இவ்வளவு பொருத்தமாக அமைந்த சொற்கள் குறைவு. சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பாடம் முடிந்துவிடுகிறது.

எலக்ட்ரானுக்கும் இந்தத் திறன் உண்டு. 1922-இல் பிராங்பர்ட் நகரில் ஓட்டோ ஸ்டெர்ன், வால்ட்டர் கெர்லாக் இருவரும் வெள்ளி அணுக்களை ஒரு கற்றையாக, சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அனுப்பினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. அணுவுக்குள் ஒரு குட்டிக் காந்தம் இருக்கிறது, அதற்கு இரண்டே நிலைகள்தான் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் காந்தம் எலக்ட்ரானுடையது என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

## சுற்றாத பம்பரம்

எலக்ட்ரானின் இந்தக் குணத்துக்குத் தற்சுழற்சி என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டதும் பம்பரம் நினைவுக்கு வருகிறது. பாதி தூரத்துக்கு அந்தப் பம்பரம் உதவும். சாய்ந்த பம்பரம் உடனே கீழே விழாது. அதன் தலை ஒரு வட்டம் போட்டுக்கொண்டே ஆடும். காந்தப்புலத்தில் வைத்த எலக்ட்ரானின் காந்தமும் இப்படியே தலையாட்டும். புலம் வலுவாக இருந்தால் ஆட்டம் வேகமாகும். காந்தத் திருப்புத்திறன் கூடினாலும் ஆட்டம் வேகமாகும். ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று எண்ணினால் திருப்புத்திறன் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா அளவீடுகளுக்கும் அடிப்படை இதுதான்.

அதற்கு மேல் பம்பரத்தை நம்பக் கூடாது. எலக்ட்ரானை ஒரு குட்டிப் பந்தாக நினைத்து, அது சுற்றித்தான் இவ்வளவு காந்தம் வருகிறது என்று கணக்குப் போட்டால், பந்தின் விளிம்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும். அது நடக்காது. தற்சுழற்சி என்பது எலக்ட்ரானோடு கூடவே பிறந்த குணம். எதுவும் அங்கே உருளவில்லை.

பழைய இயற்பியல் இந்தத் தற்சுழற்சிக்கு ஓர் அளவு காந்தத்தை எதிர்பார்க்கும். உண்மையில் இருக்கும் காந்தம் அதைப்போல் எத்தனை மடங்கு என்பதே ஜி-எண். 1928-இல் பால் டிராக் எலக்ட்ரானுக்கு எழுதிய சமன்பாடு, அது மிகச் சரியாக 2 என்று சொன்னது. 1947-இல் பாலிகார்ப் குஷ், ஹென்றி ஃபோலி இருவரும் அளந்தபோது 2-ஐவிடச் சற்றுக் கூடுதலாக வந்தது. மறு ஆண்டே ஜூலியன் ஷ்விங்கர் காரணத்தைக் கணக்கிட்டார். எலக்ட்ரான் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. தன்னுடைய மின்காந்தப் புலத்தோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. அதனால் கிடைக்கும் உபரிதான் அந்த 0.00232. ஷ்விங்கரின் கல்லறைக் கல்லில் இந்தக் கணக்கின் விடையைத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: திருப்புத்திறன் என்பது புலம் எவ்வளவு திருப்பும் என்பதன் அளவு. ஜி-எண் அதை ஒரே எண்ணில் சொல்லும் வழி. தனி எலக்ட்ரானுக்கு அது 2.00232.

## கட்டுண்ட எலக்ட்ரான்

அணுக்கருவின் ஈர்ப்பில் அகப்பட்ட எலக்ட்ரானைக் கட்டுண்ட எலக்ட்ரான் என்போம். இரும்பு, செம்பு போன்ற அணுக்களில் எலக்ட்ரான்கள் கூட்டமாக இருப்பதால் கணக்கு சிக்கலாகும். ஓர் அணுக்கரு, ஒரே ஒரு எலக்ட்ரான் என்றால் எளிது. ஹைட்ரஜன் இயல்பிலேயே அப்படி. கார்பனில் ஆறு எலக்ட்ரான்களில் ஐந்தை உரித்து எடுத்துவிட்டாலும் அதே அமைப்பு கிடைக்கும். இப்படி உரித்தவற்றை ஹைட்ரஜன் போன்ற அயனிகள் என்கிறோம்.

அணுவுக்குள் எலக்ட்ரான் சும்மா இருப்பதில்லை. கோள்போல் பாதை போட்டுச் சுற்றுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் அதற்கு வேகம் உண்டு. ஹைட்ரஜனில் அந்த வேகம், சராசரியாக, ஒளியின் வேகத்தில் 137-இல் ஒரு பங்கு. நொடிக்கு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கும் தில்லிக்கும் வான்வழித் தொலைவே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இவ்வளவு வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் தலைகாட்டும். வேகமாக ஓடும் துகள் சற்றுக் கனத்துவிட்டதுபோல் நடந்துகொள்ளும். துகள் கனமாக இருந்தால் காந்தத் திருப்புத்திறன் குறையும். எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனமான புரோட்டானின் காந்தம், எலக்ட்ரானின் காந்தத்தில் 658-இல் ஒரு பங்குதான். ஆகவே ஓடுகிற எலக்ட்ரானின் காந்தமும் சற்றுக் குறைய வேண்டும். டிராக் சமன்பாடு வந்த அதே 1928-இல் கிரிகரி பிரைட் இதை முறையாகக் கணக்கிட்டார். "கனத்துவிட்டது" என்பது நான் கையால் வரைந்து காட்டும் படம், அவ்வளவே. முழுக் கணக்கின் விடை இது: எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கோ அதை இருமடியாக்கி, மூன்றால் வகுத்தால், குறைவின் பங்கு கிடைக்கும்.

ஹைட்ரஜனுக்கு 137 × 137 × 3. தசமத்தை விடாமல் போட்டால் 56,336. அதாவது 56,336-இல் ஒரு பங்கு குறைகிறது. 2.002319 என்பது 2.002284 ஆகிறது.

அணுக்கருவில் புரோட்டான்கள் கூடக் கூட எலக்ட்ரானின் வேகமும் அதே மடங்கில் கூடும். கார்பனில் ஆறு புரோட்டான். வேகம் ஆறு மடங்கு, குறைவு 36 மடங்கு. மாணவியிடம் கால்குலேட்டரைக் கொடுத்து, "நீயே போடும்மா" என்றேன். 36-ஐ 56,336-ஆல் வகுத்து, 2.00232-ஆல் பெருக்கினாள். 0.00128 வந்தது. கழித்தாள். 2.00104.

தன் நோட்டில் இருந்த இரண்டாவது எண் தன் கையாலேயே வந்ததைப் பார்த்து அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் போதுமாக இருந்தது.

பிறகு எல்லோருமாகச் சேர்ந்து மற்ற அணுக்களையும் போட்டுப் பார்த்தோம். ஆக்சிஜனில் எட்டுப் புரோட்டான். கணக்கில் 2.00004, ஆய்வகத்தில் அளந்தது 2.00005. சிலிக்கானில் பதினான்கு. கணக்கிலும் 1.99535, அளந்ததும் 1.99535. இங்கே ஜி-எண் 2-க்குக் கீழேயே இறங்கிவிட்டது. வெள்ளீயத்தில் ஐம்பது. நம் கணக்கு 1.9135 என்கிறது. 2023-இல் ஹைடல்பெர்க்கில் அளந்து வெளியிட்டது 1.9106. இங்கே மாடிக் கணக்கு பிசகுகிறது. வெள்ளீயத்தில் எலக்ட்ரானின் வேகம் ஒளி வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுவதால் இருமடி மட்டும் பற்றாது. பிரைட்டின் முழுச் சூத்திரமும் அதற்கு மேல் சில திருத்தங்களும் வேண்டும். அவற்றையும் சேர்த்துவிட்டால் அளவீடும் கணக்கும் பல இலக்கங்களுக்கு ஒத்துப்போகின்றன.

## அப்படியானால் எலக்ட்ரான் மாறிவிட்டதா?

இல்லை. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது.

பின்பக்க அட்டவணையில் உள்ள எண், வெட்டவெளியில் ஓய்வாக இருக்கும் எலக்ட்ரானுக்குப் புலத்தின் முன் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறது. அணுவுக்குள் நாம் அளப்பது வேறு. எலக்ட்ரான், அணுக்கரு, இரண்டுக்கும் இடையிலுள்ள ஈர்ப்பு எல்லாம் சேர்ந்த ஒரு நிலை, வெளியிலிருந்து வரும் புலத்துக்கு எப்படி அசைகிறது என்பதை அளக்கிறோம். கட்டுண்ட துகளின் ஜி-எண் அந்த நிலைக்கு உரிய எண். எலக்ட்ரானை அணுவிலிருந்து பிய்த்து வெளியே எடுத்தால் மறுபடியும் 2.00232-தான் வரும். எதையும் அது இழந்துவிடவில்லை.

நீச்சல் தெரிந்த ஒருவர் குளத்தில் நீந்துவதையும் உப்பனாற்று முகத்துவாரத்தில் எதிரோட்டத்தில் நீந்துவதையும் கடிகாரம் வைத்து அளந்தால் இரண்டு வேகம் வரும். ஆள் ஒருவர்தான். எந்த வேகம் உண்மையானது என்று கேட்பதில் பொருள் இல்லை. எங்கே அளந்தது என்று கேட்க வேண்டும்.

## கார்பன் என்னும் படிக்கல்

இந்தச் சின்னக் குறைவால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதுநகர் மீன் சந்தையில் முன்பெல்லாம் தராசில்தான் எடை போடுவார்கள். ஒரு தட்டில் மீன், மறுதட்டில் முத்திரை குத்திய படிக்கல். படிக்கல்லை நம்பினால்தான் மீனின் எடையை நம்ப முடியும். அணுக்களின் உலகத்திலும் ஒரு படிக்கல் உண்டு. கார்பன்-12. அணு நிறை அலகு என்பதே கார்பன்-12 அணுவின் நிறையில் 12-இல் ஒரு பங்கு என்றுதான் வரையறுத்திருக்கிறார்கள்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒரே ஒரு கார்பன் அயனியை, ஒற்றை எலக்ட்ரானோடு, பென்னிங் பொறியில் பிடித்து வைத்தார்கள். காந்தப்புலத்தையும் மின்புலத்தையும் சுவர்போல் வைத்து, எதையும் தொடாமல் அயனியை அந்தரத்தில் நிறுத்தி வைக்கும் கூடு அது. உள்ளே குளிர் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவில். காந்தப்புலம் 3.8 டெஸ்லா. அந்தப் புலத்தில் அயனி முழுதாக வட்டமடிக்கிறது, நொடிக்கு 2.4 கோடி சுற்று. அதே புலத்தில் உள்ளே இருக்கும் எலக்ட்ரானின் காந்தம் பம்பரம்போல் தலையாட்டுகிறது, நொடிக்கு ஏறக்குறைய 10,500 கோடி முறை. அயனி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எலக்ட்ரான் 4,376 முறைக்குச் சற்று மேல் ஆடிவிடுகிறது.

இந்த 4,376 என்ற விகிதத்துக்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. கட்டுண்ட எலக்ட்ரானின் ஜி-எண், கார்பன் அயனியின் நிறை, எலக்ட்ரானின் நிறை. கார்பன் படிக்கல், அதன் நிறை தெரியும். ஜி-எண்ணைக் கோட்பாட்டிலிருந்து கணக்கிடலாம். மிச்சம் இருப்பது எலக்ட்ரானின் நிறை மட்டும். இதைத் தலைகீழாகவும் செய்யலாம். எலக்ட்ரானின் நிறை வேறு வழியில் தெரிந்திருந்தால், இதே விகிதம் கோட்பாட்டைச் சோதிக்கும்.

2014-இல் இந்த வழியில் எலக்ட்ரானின் நிறையை அதற்கு முன் இருந்ததைவிட 13 மடங்கு துல்லியமாகச் சொன்னார்கள்: 0.000548579909067 அணு நிறை அலகு. தனி எலக்ட்ரானின் 2.00232-ஐ அந்தக் கணக்கில் போட்டிருந்தால் விடை நான்காவது இலக்கத்திலேயே தப்பாகியிருக்கும்.

இதுவரை பார்த்தது: அணுவுக்குள் எலக்ட்ரானின் வேகத்தால் ஜி-எண் குறைகிறது. குறைவு புரோட்டான் எண்ணிக்கையின் இருமடியாக வளர்கிறது. அதைக் கணக்கிட முடிவதால் அதை வைத்தே எலக்ட்ரானை எடைபோட முடிகிறது.

## பந்தலுக்குள் புரோட்டான்

அணுவில் எலக்ட்ரான் மட்டுமல்ல, அணுக்கருவும் கட்டுண்டதுதான். ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டானுக்கும் காந்தம் உண்டு என்று சொன்னேன். அணுவுக்குள் அதுவும் குறைந்துதான் தெரிகிறது. ஆனால் காரணம் முற்றிலும் வேறு.

மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வரும் நாளில் கடற்கரையில் கீற்றுப் பந்தல் போடுவார்கள். பந்தலுக்குள் வெயில் குறைவு. உள்ளே உட்கார்ந்து அளக்கிறவர், மேலே பந்தல் இருப்பதை மறந்துவிட்டால், இன்றைக்குச் சூரியனுக்கே சூடு குறைவு என்று எழுதிவிடுவார். புரோட்டானுக்கு மேல் எலக்ட்ரான் அப்படி ஒரு பந்தல். வெளியிலிருந்து காந்தப்புலம் வந்ததும் எலக்ட்ரானின் ஓட்டம் சற்று மாறி, அந்தப் புலத்தை எதிர்க்கும் சின்னப் புலத்தை உண்டாக்குகிறது. பள்ளியில் படித்த லென்ஸ் விதியின் அணு வடிவம். புரோட்டானை வந்தடையும் புலம் கொஞ்சம் குறைந்துவிடும். தலையாட்டம் மெதுவாகும். வெளிப்புலத்தை வைத்துக் கணக்குப் போடும் நமக்குப் புரோட்டானின் காந்தம் குறைந்ததாகத் தெரியும். இதற்குக் காந்த மறைப்பு என்று பெயர்.

வில்லிஸ் லாம்ப் 1941-இல் இந்த மறைப்பைக் கணக்கிடும் வழியைச் சொன்னார். ஹைட்ரஜனில் விடை பத்து லட்சத்தில் 17.7 பங்கு. எலக்ட்ரானுக்கு வந்த 56,336-இல் ஒரு பங்கையும் அப்படி மாற்றிப் பாருங்கள், அதுவும் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 17.7. ஒன்று சார்பியலால் வந்தது, மற்றது பந்தல் நிழலால் வந்தது, எண் மட்டும் ஒன்று. முதல் கணிப்பில் இரண்டுமே அந்த 137-இன் இருமடியைத்தான் சார்ந்திருக்கின்றன. நுணுக்கமாகப் போனால் கடைசி இலக்கங்களில் பிரிந்துவிடும்.

இந்தப் பந்தல் நிழலை நம்மில் பலர் நேரடியாகப் பயன்படுத்தியிருக்கிறோம். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போது இயந்திரம் கேட்பது உடம்பில் உள்ள புரோட்டான்களின் தலையாட்டத்தைத்தான். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 6.4 கோடி. தண்ணீரில் உள்ள புரோட்டானைவிடக் கொழுப்பில் உள்ள புரோட்டானுக்கு மறைப்பு சற்று அதிகம். அதனால் கொழுப்பின் புரோட்டான் நொடிக்குச் சுமார் 220 ஆட்டம் பின்தங்கும். அந்த 220-ஐ வைத்துத்தான் மூட்டு ஸ்கேனில் கொழுப்பின் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட்டு, நீர் கோத்த இடத்தைத் தனியாகக் காட்ட முடிகிறது.

## மியூவான் செய்தியில் யாரும் சொல்லாத பகுதி

அன்று இன்னொரு மாணவன், "சார், மியூவானோட காந்தம் கணக்குக்கு ஒத்துவரலன்னு செய்தியில வந்துச்சே, அதுவும் இதுதானா?" என்று கேட்டான். மியூவான் என்பது எலக்ட்ரானின் கனத்த உறவுக்காரன். 207 மடங்கு நிறை, சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்தில் அதன் ஜி-எண்ணை அளந்தவர்கள் 2025 ஜூனில் இறுதி முடிவை வெளியிட்டார்கள். 2-க்கு மேல் உள்ள உபரியில் பிழை ஒரு கோடியில் 1.27 பங்குதான். அங்கே வளையத்தில் ஓடும் மியூவான் கட்டுண்டதல்ல, தனித் துகள். "அப்ப இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று முடிவுகட்டிவிடத் தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது. மியூவான் எவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறது என்பதோடு, அது ஓடும் காந்தப்புலம் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். புலத்தை அளக்கும் இறுதிப் படிக்கல்லாக அவர்கள் வைத்திருந்தது தண்ணீரில் உள்ள புரோட்டான். பந்தலுக்குள் இருக்கும் புரோட்டான். அதன் காந்தத்தை, ஹைட்ரஜன் அணுவில் கட்டுண்ட எலக்ட்ரானின் காந்தத்தோடு ஒப்பிட்டு 1977-இல் வந்த அளவீடு ஒன்று இருக்கிறது. அதன் வழியாகக் கட்டுண்ட எலக்ட்ரானுக்கு வந்து, அங்கிருந்து தனி எலக்ட்ரானுக்குப் போகிறார்கள். அந்தக் கடைசித் தாவலுக்குக் கருவி எதுவும் இல்லை. பிரைட்டிலிருந்து தொடங்கி வளர்ந்த கணக்குதான் பாலம். அந்தத் திருத்தம் பத்து லட்சத்தில் 17.7 பங்கு, அதாவது கோடியில் 177 பங்கு.

அதை யாராவது மறந்திருந்தால் எவ்வளவு பிசகியிருக்கும் என்று கேட்டேன். நோட்டில் இரண்டு எண்களோடு வந்த அந்த மாணவி 177-ஐ 1.27-ஆல் வகுத்தாள். அவர்கள் சொன்ன பிழையைப்போல் 139 மடங்கு.